சுண்ணாம்புச் சம்மனசுகள்

ஐப்பசி முடிகிற வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, பகல் சாப்பாட்டு நேரத்தில், புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் ஞானமேரி டீச்சர் வீட்டுக் கூடத்திலிருந்து ஒன்பது சுண்ணாம்புச் சம்மனசுகள் கிளம்பி, அவருடைய அண்ணன் லூர்துநாதன் ஏறிய ஆட்டோவுக்குப் பின்னாலேயே நகரத்துக்கு மேற்கே இருக்கும் கதிர்காமம் வரைக்கும் பறந்து போயின. தேவதூதர்களைக் கிறிஸ்தவர்கள் சம்மனசு என்பார்கள். தலையும் தலைக்குக் கீழே இரண்டு இறக்கையும் மட்டுமே உள்ள சம்மனசுகள் அவை, உடம்பு கிடையாது. ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவு இருக்கும். ராஜா தியேட்டர் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது ஆட்டோ நின்றது, அவையும் அந்தரத்தில் நின்றன; பச்சை விழுந்ததும் கிளம்பின. அன்றைக்கு முகூர்த்த நாளானதால் கனகாம்பரம் விலை ஏறியிருந்தது, பூக்காரிகளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பார்த்தவர்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இந்த ஊர் வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனதையும் பார்த்தது, அவன் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து வாடகை சைக்கிளில் சுற்றுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்பது சம்மனசுகளுக்கெல்லாம் வாயைப் பிளந்தால் கட்டுப்படியாகாது. ஆட்டோக்காரர் மட்டும், கூட வந்தவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் தேவலை என்று கேட்டுப் பார்த்தார். லூர்துநாதன் கொடுக்கவில்லை.

சம்மனசுகளைச் செய்தவள் கார்குழலி. தவளக்குப்பம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊர் அவளுக்கு. கோபுரச் சுதை வேலை செய்கிற குடும்பம். சின்ன வயதிலேயே சாரத்தில் ஏறியவள், நாற்பதைத் தாண்டியும் இறங்கவில்லை. கடலூர் ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ள கோயில்களில் துவாரபாலகர் மீசையை முறுக்கியதும், யாளிக்குப் பல் வைத்ததும், அம்மன் மூக்குத்தியைத் திருகியதும் அவள் கைதான். ஆனால் கும்பாபிஷேகப் பத்திரிகையில் வருவது அண்ணன் ஆதிமூலத்தின் பெயர். மேடையில் சால்வை விழுவதும் அவன் தோளில்தான். அவள் கீழே சித்தாள்களோடு உட்கார்ந்து கை தட்ட வேண்டும். கார்குழலிக்கு இதில் கோபம் உண்டு, அதை அவள் மூடி மறைத்ததும் இல்லை. ஒருநாள் அண்ணன் வீட்டு வாசலில் ஊரார் நாலு பேர் இருக்கும்போதே, "இனிமே என் வேலை என் பேர்ல. ஒன் சாரத்துல நான் ஏறமாட்டேன்" என்று சொன்னாள். "பாக்கலாம், எத்தினி நாளைக்கின்னு" என்றான் ஆதிமூலம். சொல்லிவிட்டு வந்த பிறகுதான் வேலை தேட ஆரம்பித்தாள். அவள் சுபாவம் அப்படி.

அப்படித் தேடிப் போய் நின்றது புருஷோத்தமன் முன்னால். பழைய வீடுகளைப் பழையபடியே ஆக்கித் தருவதில் பெயர் வாங்கிய ஆர்க்கிடெக்ட் அவர். வேலை தெரிந்தவர், பொறுமைசாலி. ஒரு ஜன்னல் கொண்டிக்காக மூன்று ஊர் அலைகிற ரகம். எங்கே, ஒரு திராட்சை இலை செய்து காட்டுங்கள் என்றார். அவள் செய்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஞானமேரி டீச்சர் வீட்டில் சுவரின் உச்சியில் ஓடும் கார்னிஸை அவளிடம் ஒப்படைத்தார். டிசம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளன்று வீட்டை மந்திரிக்கச் சாமியார் வருகிறார், அன்றைக்குக் கார்னிஸ் நிறைந்து நிற்க வேண்டும், நின்றால் அடுத்து ஒரு கான்வென்ட் சேப்பல் இருக்கிறது, அதுவும் அவளுக்குத்தான் என்றார். "நிக்கலன்னா?" என்று கேட்டாள் கார்குழலி. "நிக்கலன்னா உங்க பேர நான் யார்கிட்டயும் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். நிற்காவிட்டால் ஆதிமூலத்தின் சாரத்துக்கு, அதுவும் சித்தாளாக, திரும்பிப் போக வேண்டும் என்பது அவர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

வீடு நல்ல வீடு. ஞானமேரியின் முன்னோர்களில் ஒருவர் கப்பல் சரக்கு வியாபாரத்தில் சம்பாதித்தபோது கட்டியது. கூடத்தின் நாலு சுவரும் கூரையைத் தொடுகிற இடத்தில் சுற்றிலும் சுண்ணாம்புத் திராட்சைக் கொடி, கொடிக்கு நடுவே, நவவிலாசம் என்கிற ஒன்பது தேவதூதர் வகுப்பில் வகுப்புக்கு ஒன்றாக ஒன்பது சம்மனசுகள். தானே புயலில் மேல்தளம் விரிசல் விட்டு, அதற்கப்புறம் வந்த மழைக்காலமெல்லாம் தண்ணீர் இறங்கி, கொடி உதிர்ந்தது, சம்மனசுகள் ஒவ்வொன்றாக விழுந்து நொறுங்கின. பழுது பார்க்காததற்குக் காரணம் அண்ணன் தங்கைச் சண்டை. லூர்துநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ரெத்ரேத், அதாவது பென்ஷனோடு ஓய்வு, வாங்கிக்கொண்டு வந்த சொல்தா. அவர் பிரான்ஸில் துலோன் துறைமுகத்தில் இருந்த காலத்தில், ஒரு கத்திரி வெயிலில், இங்கே அம்மா செத்துப்போனார். அவர் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறையைப் பார்த்துவிட்டு நேராகத் திரும்பிப் போனவர், அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. ரெத்ரேத்துக்குப் பிறகு கதிர்காமத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, மனைவியையும் அங்கேயே பறிகொடுத்துவிட்டு, வீட்டை விற்றுவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஞானமேரி, கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல் அந்த வீட்டையே கட்டிக்கொண்டு இருந்தவர், விற்க மாட்டேன் என்று இன்னொரு காலில் நின்றார். கடைசியில், வீட்டைச் சரிபண்ணி மாடி அறைகளில் விருந்தாளிகளைத் தங்கவைத்தால் வீடு தானே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று முடிவுசெய்து, அண்ணனைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அமிர்தவல்லி அரைத்தாள். அமிர்தவல்லி நெடுங்காலமாகக் கார்குழலியோடு இருக்கிற சித்தாள், வாய் கொஞ்சம் நீளம். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளை போனது. மஞ்சள் கரு ஞானமேரியின் அடுப்பங்கரைக்குப் போய் ஏதாவது ஒரு பிரெஞ்சுப் பலகாரமாகத் திரும்பி வந்தது. கொடி முடிவதற்குள் அமிர்தவல்லி ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். சம்மனசுகளுக்கு மாதிரி ஒரு பழைய போட்டோ. டீச்சரின் அப்பா அம்மா கல்யாணத்தன்று கூடத்தில் எடுத்தது. அதைப் பெரிதாக்கிக் கொடுத்து, இதில் இருக்கிறபடியே இருக்கட்டும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று புருஷோத்தமன் சொல்லியிருந்தார். போட்டோவில் சம்மனசுகளின் கண்கள் மொழுக்கென்று இருந்தன. இமை உண்டு, விழி உண்டு, பார்வை கிடையாது. வெள்ளைக்காரன் வழக்கம் அது.

கோபுர வேலையில் அந்த வழக்கம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் கருவிழியைக் கீறிக் கண்ணைத் திறப்பார்கள். திறந்த கண் முதலில் பார்ப்பது நல்லதாக இருக்க வேண்டும் என்று கண்ணாடி காட்டுவார்கள், கன்றோடு பசுவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், நெல்லைக் குவித்து வைப்பார்கள். முதலில் பார்த்ததைக் கண் விடாது என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். கண் திறக்காமல் ஒரு முகத்தை விட்டுவிட்டுச் சாரத்தை விட்டு இறங்குவது, வேலையைப் பாதியில் போட்டு ஓடுகிறவன் காரியம். அந்த வியாழக்கிழமை ஒன்பது முகங்களும் இடத்தில் உட்கார்ந்து, கடைசிப் பூச்சு ஈரமாக இருந்தபோது, கார்குழலியின் கை நிற்கவில்லை. தன் பெயரில் செய்கிற முதல் வேலை, அதில் ஒன்பது குருட்டுப் பிள்ளைகளா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. சாமியாக இருந்தால் கண்ணாடி, பசு எல்லாம் வேண்டும், இது வீட்டுக்கு அழகுக்கு வைக்கிற பொம்மைதானே, சடங்கு எதற்கு, கண்ணை மட்டும் திறந்துவிடுவோம் என்று நினைத்தாள். பாதி வழக்கத்தை வைத்துக்கொண்டு பாதியை விட்டாள். தப்பு அங்கேதான் நடந்தது.

அவள் முதல் சம்மனசின் கண்ணில் கம்பியை வைத்த நேரத்தில் லூர்துநாதன் கூடத்துக்குள் வந்தார். வேலை நடக்கிற சேதி கதிர்காமம் வரைக்கும் போயிருந்தது. கூடத்துக்கு நட்ட நடுவில் நின்றுகொண்டு, "என் பாகத்துல யாரக் கேட்டு சுண்ணாம்பு பூசற?" என்று கத்தினார். ஞானமேரி அடுப்பங்கரை வாசலில் நின்று, "ஒன் பாகம் எதுன்னு கோடு போட்டுக் காட்டு, அத மட்டும் விட்டுடறோம்" என்றார். அவர் பிரெஞ்சில் திட்டினார், இவர் இலக்கணம் பிசகாத பிரெஞ்சில் பதில் சொன்னார். மேலே கார்குழலி ஒரு முகம் முடித்து அடுத்த முகத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். சுண்ணாம்பு யார் சண்டைக்காகவும் காத்திருக்காது. ஒன்பதாவது முகத்தின் கண்ணும் திறந்தபோது லூர்துநாதன், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். சம்மனசுகள் சுவரை விட்டுக் கழன்று அவர் பின்னால் போயின. பிய்த்துக்கொண்டு போகவில்லை, சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் நிதானமாகப் போயின. "கொழலி, ஒன் புள்ளைங்க போவுதுடீ" என்றாள் அமிர்தவல்லி.

மறுநாள் புருஷோத்தமன் வந்து ஒன்பது வெற்றுக் குழிகளையும் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டோவை எடுத்து நீட்டி, "இதுல பார்வை இல்லையேம்மா" என்றார். "ஆமா சார். தப்பு என்னுதுதான்" என்றாள் கார்குழலி. அச்சில் புதிதாக ஒன்பது பிடித்து, பார்வை வைக்காமல், குழிகளில் ஒட்டிப் பார்த்தார்கள். விடிவதற்குள் ஒன்பதும் கீழே கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் உண்டு என்று சொல்லிவிட்டு இறங்கின மாதிரி வரிசையாகக் கிடந்தன. இனி ஒரு வழிதான் என்றார் புருஷோத்தமன்: போனவற்றின் கண்களை மூடி, சுண்ணாம்பாக்கிக் கொண்டுவந்து ஒட்டுவது. கண்ணுக்கு ஒரு சிட்டிகைச் சாந்து போதும். ஞானமேரியும், "மூடிடு. வீட்டுல இருக்க வேண்டியதுங்க ஊரு சுத்தக் கூடாது" என்றார். அவருக்கு உள்ளூர வேறு வலி இருந்தது. இத்தனை வருஷம் வீட்டைக் காப்பாற்றியது தான், அவை போனதோ அண்ணன் பின்னால். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

லூர்துநாதனுக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. சட்டைத் தோளெல்லாம் வெள்ளைத் தூசி. பால் வாங்கப் போனால் பின்னால் ஒன்பது தலை. பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதைக் காட்டப் போன அலுவலகத்தில் காவலாளி அவற்றை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார், அவை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. விரட்டினார், கதவைச் சாத்தினார், பிரெஞ்சில் கட்டளை போட்டார். ஒன்றும் எடுபடவில்லை. இரண்டாவது வாரம் அடைமழை பிடித்தது. பச்சைச் சுண்ணாம்பு கரைந்துவிடுமே என்ற கவலை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவருக்கே வந்தது. கடற்கரைக் கடைகளில் நட்டு வைக்கிற பெரிய குடை ஒன்றை வாங்கி, அதன் அடியில் ஒன்பதையும் கூட்டிக்கொண்டு நடந்தார். எல்லாவற்றிலும் சின்னதற்கு, பிரெஞ்சில் குட்டி என்று அர்த்தம் வருகிற மாதிரி, பெத்தி என்று பெயர் வைத்தார். வீட்டுக்காரர் தூசியைப் பற்றிக் கேட்டபோது, தினமும் தானே பெருக்கிவிடுகிறேன் என்று சொன்னார். அவர் அந்த வீட்டில் துடைப்பத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கார்குழலி டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றிய சாந்தோடு ஸ்கூட்டியில் கதிர்காமம் போனபோது, சம்மனசுகள் துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வந்த காரியத்தை அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "முசே, அதுங்கள எறக்கிக் குடுங்க. கண்ண மூடி எடுத்துக்கிட்டுப் போறேன்." அவர் மறுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவர், பொருள் யாருடையது என்பதில் கறார். பெத்தியைக் கூப்பிட்டார், வந்தது, தன் கையாலேயே எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் இரண்டு கண்ணிலும் சாந்தை அப்பினாள். இறக்கை நின்றது. மடியில் கனம் ஏறியது. அதுவரைக்கும் பெத்தியாக இருந்தது வெறும் சுண்ணாம்புக் கட்டி ஆயிற்று. மற்ற எட்டும் அதைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. லூர்துநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எம் பொண்டாட்டி போனப்புறம் நான் கதவத் தெறந்துக்கிட்டு உள்ள வந்தா, திரும்பிப் பாக்க இந்த வீட்ல ஒரு உசுரு இல்ல. இதுங்க பாக்குதும்மா" என்றார். பிறகு, "சரி, நீ ஒன் வேலையப் பாரு" என்று மூக்கைச் சிந்தினார்.

கார்குழலி மடியில் கிடந்ததைப் பார்த்தாள். இன்னும் எட்டு இருக்கிறது. ஒரு நாழி வேலை. முடித்தால் கார்னிஸ் நிறையும், சேப்பல் அவளுக்கு, பெயர் அவளுக்கு. முடிக்காவிட்டால் ஆதிமூலம் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டு அவள் திரும்பி வருவதைப் பார்ப்பான். இரண்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான், சாந்து பிடிப்பதற்குள் கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தாள். கண் மறுபடி திறந்தது. இந்தத் தடவையும் கண்ணாடி இல்லை, பசு இல்லை; குனிந்திருந்த கார்குழலியின் முகம்தான் இருந்தது, புருவத்தில் சுண்ணாம்போடு. பெத்தி எழும்பி அவளை ஒரு சுற்றுச் சுற்றி, அவள் தலைக்கு மேலே போய் நின்றுகொண்டது. லூர்துநாதன் அழுத மூக்கோடு சிரித்துவிட்டார். "மோன் தியூ! ஒன்னப் புடிச்சிக்கிச்சி" என்றார். ஒரே தப்பை இரண்டு தடவை செய்கிறவளை எந்த லோகத்திலும் பார்த்ததில்லை என்று அமிர்தவல்லி பிறகு சொன்னாள்.

அன்று சாயங்காலமே கார்குழலி கூடத்தில் ஞானமேரியையும் புருஷோத்தமனையும் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். "மூட மாட்டேன் மதாம். தெறந்த கண்ண மூடறது என் கைக்கு வராது. கார்னிஸ் நெறையணும்னா ஒரே வழி, முசே இங்க வந்து உக்காரணும். நீங்கதான் கூப்புடணும்." செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்றார் ஞானமேரி. புருஷோத்தமன் வெற்றுக் குழிகளைப் பார்த்தார், அவள் தலைக்கு மேலே பார்த்தார், அப்படியானால் சேப்பலைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். "தெரியும் சார்" என்றாள் கார்குழலி. மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கொடியில் பாக்கியிருந்த இலைகளை முடித்தாள், திராட்சைக்குப் பளபளப்பு ஏற்றினாள், கார்னிஸின் கீழ் வரம்பை நூல் பிடித்து இழைத்தாள். தோற்றுப்போனவள் செய்கிற வேலையாக அது இல்லை. அவள் சாரத்தில் இருக்கிற வரைக்கும் பெத்தி தன் பழைய குழியில் போய் அடக்கமாக உட்கார்ந்திருக்கும், அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு கிளம்பினால் அதுவும் கிளம்பிவிடும். ஞானமேரி இதைத் தினமும் பார்த்தார். நிறைந்த ஒரு குழியையும் நிறையாத எட்டுக் குழிகளையும் பார்த்துக்கொண்டே ஜெபமாலை சொன்னார். ஆள் இருந்தால்தான் வீடு என்பது அவருக்குத் தெரியாததல்ல. டீச்சராக இருந்தவர், தப்பு என்று தெரிந்ததை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டார்.

மாதா திருநாளன்று காலைப் பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்கு வராமல், கோயில் பட்டுப்புடவையோடு ஆட்டோ ஏறிக் கதிர்காமம் போனார். அண்ணன் கதவைத் திறந்தார். அவர் தலைக்குப் பின்னால் எட்டு முகங்கள் இருந்தன, அவற்றில் ஒன்றும் ஞானமேரியைப் பார்க்கவில்லை. ஞானமேரி வாசலிலேயே நின்று சொன்னார்.

"அம்மாவ வெச்சிருக்க முடியலண்ணா. ஐஸ் பொட்டி கெடைக்கல. ரெண்டு நாள் விசிறிக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒனக்காகத்தான் உக்காந்திருந்தேன்."

லூர்துநாதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத ஏன் நீ சொல்லவேயில்ல?"

"நீ எங்க கேட்ட?"

லூர்துநாதன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "கொடைய எடுத்துக்க, மழ வரும். அதுங்க நனைஞ்சிடும்" என்றார் ஞானமேரி. ஒரே ஆட்டோவில் இரண்டு பேரும், வெளியே எட்டும் வந்தார்கள்.

கூடத்தில் சாமியார் தீர்த்தச் செம்போடு காத்திருந்தார். புருஷோத்தமன் கை கட்டிக்கொண்டு குழிகளைப் பார்த்தபடி நின்றார். கார்குழலி சாரத்தைப் பிரித்துவிட்டு, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, சுவரோரமாக நின்றாள். பயந்தாளா என்று கேட்டால், பயந்தாள். ஆனால் நிமிர்ந்துதான் நின்றாள். லூர்துநாதன் வாசற்படியில் செருப்பைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் போட்டிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எட்டுச் சம்மனசுகளும் ஒரு சுற்று வந்து, அதனதன் குழியில் அமர்ந்து, இறக்கையைக் கொடிக்குள் மடக்கிக்கொண்டன. பெத்தி ஏற்கெனவே இடத்தில் இருந்தது. சுண்ணாம்பு எது, சம்மனசு எது என்று ஒட்டுத் தெரியவில்லை. புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சாமியார் நாலு சுவருக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு, மேலே நிமிர்ந்து, இவை ஏற்கெனவே சம்மனசுகள்தானே, இவற்றை மந்திரிக்க எனக்கு அதிகாரம் உண்டா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, போட்டால் குறைந்தா போகும் என்று அவற்றுக்கும் ஒரு தெளி போட்டார்.

பகல் சாப்பாடு பெரிய சாப்பாடு. லூர்துநாதன் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்தார், அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டார். இலையை மூடிவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தார். மேலே எட்டு ஜோடி இறக்கைகளும் சடசடவென்று விரிந்தன, கூடமே ஒரு விரற்கடை மேலே எழும்பின மாதிரி இருந்தது.

"உக்காருண்ணா" என்றார் ஞானமேரி. "நீ எந்திரிச்சா வீடே எந்திரிக்குது."

அவர் உட்கார்ந்தார். அவர் அந்த வீட்டுக்குக் குடிவந்தது அப்படித்தான். பெட்டி படுக்கையெல்லாம் அடுத்த வாரம் வந்து சேர்ந்தன. விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் கார்குழலி சொல்லிக்கொண்டு கிளம்பினபோது பெத்தியும் குழியை விட்டுக் கழன்று ஸ்கூட்டியின் பின் சீட்டில் போய் உட்கார்ந்தது. புருஷோத்தமன் கூடத்தைத் திரும்பிப் பார்த்து, "எட்டுதான இருக்கு" என்றார். "அது அவ புள்ள. அவகூடத்தான் போவும்" என்றார் ஞானமேரி. புருஷோத்தமன் தெருமுனை வரைக்கும் ஸ்கூட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்ன நாளில் கார்னிஸ் நிறைந்து நின்றது; கண்ணுக்கு முன்னால் நின்றதை இல்லை என்று சொல்கிறவர் இல்லை அவர். மறுநாள் காலையில் போன் செய்து, "திங்கக்கிழமை சேப்பலுக்கு வந்துடுங்க மேஸ்திரி" என்றார்.

சேப்பல் முடிந்தது, அதற்கப்புறம் கடற்கரைப் பக்கம் இரண்டு மாளிகைகள், காரைக்காலில் ஒரு வீடு, பிறகு கணக்கில்லை. இன்றைக்குச் சாரம் கட்டிய ஒரு கட்டடத்துக்கு மேலே சுண்ணாம்புச் சம்மனசு ஒன்று உட்கார்ந்திருந்தால், உள்ளே வேலை செய்வது கார்குழலி மேஸ்திரி என்று புதுச்சேரியில் தெரியாதவர் இல்லை. ஆதிமூலம் ஒரு கோயிலுக்குக் கண் திறக்க அவளைக் கூப்பிட்டான். பத்திரிகையில் பெயர் வருமா என்று கேட்டுவிட்டுத்தான் போனாள், வந்தது. கண் திறந்து தரச் சொல்லி வீடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எதிரில் நிற்கப்போவது யார், கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தால் தாங்குவார்களா என்று முதலில் விசாரிப்பாள். கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்த படகுக்காரர் ஒருவர், தாங்க முடியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டு, காபி சாப்பிட்டுத் திரும்பிப் போனார். வேண்டும் என்கிறவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் அவள் திறந்து தருகிறாள்.

ஞானமேரி டீச்சர் வீட்டு மாடி அறைகள் இப்போது வருஷத்தில் பாதி நாள் நிறைந்திருக்கின்றன. லூர்துநாதன் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கப் போகிறார், மழைக்காலமானால் குடையோடு. ஆகவே கார்னிஸைப் பார்க்க வருகிறவர்களை ஞானமேரி ஏழு மணிக்கு மேலே வரச் சொல்கிறார். வந்தவர்கள் கூடத்தில் நின்று அண்ணாந்து, கொடியை மெச்சி, சம்மனசுகளை எண்ணி, தெற்கு மூலையில் ஒரு குழி காலியாக இருக்கிறதே, உடைந்துவிட்டதா என்று கேட்பார்கள். "ஒடையல. அது வேலைக்குப் போயிருக்கு" என்பார் ஞானமேரி. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள்.